புதுப் பாம்பு என்று எப்போது சொல்லலாம்? நிகோபார் முதல் ஜவ்வாது மலை வரை

காட்பாடி, குடியாத்தம் பக்கத்து வீடுகளில் ராத்திரி நேரத்தில் பல்லி தேடிச் சுவரேறும் பழுப்புப் பாம்பைக் கண்டதும் "கட்டுவிரியன்" என்று அடித்துவிடுவார்கள். பல நேரம் அது விஷமற்ற வெள்ளிக்கோல் வரையன். லைகோடான் என்ற பேரினத்தைச் (நெருங்கிய இனங்களின் தொகுதியை) சேர்ந்தது. 1758-லேயே லின்னேயஸ் அதற்குப் பெயர் வைத்துவிட்டார். அதே பேரினத்தில் இன்னொரு பாம்புக்கு 2025-ல்தான் பெயர் கிடைத்தது: கிரேட் நிகோபார் தீவின் பளபளப்பான கறுப்புப் பாம்பு, லைகோடான் இர்வினி. ஆஸ்திரேலியாவின் காட்டுயிர்த் தொலைக்காட்சியாளர் ஸ்டீவ் இர்வின் நினைவாக வைத்த பெயர்.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் "காட்டுக்குள் போனார்கள், கண்டுபிடித்தார்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். பாம்பைப் பார்ப்பது இந்த வேலையில் சின்னப் பங்குதான். அந்தத் தீவுக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்தே வந்திருப்பார்கள். இதுவரை பெயர் பெற்ற எந்த இனத்தோடும் இது சேராது என்று நிரூபிப்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. அதற்குப் புதியதைவிடப் பழையதைத்தான் அதிகம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கடல் நடுவிலும் சமவெளி நடுவிலும்

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. இன்று தனித்தனியாக நிற்கும் பல தீவுகள் அப்போது ஒரே நிலம். கடல் ஏறியதும் மேட்டில் மாட்டிக்கொண்ட பாம்புகள் தங்களுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்துகொண்டு போயின. பிரேசில் கரையிலிருந்து சுமார் 33 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கெய்மாடா கிராண்டி தீவின் பரப்பு வெறும் 43 ஹெக்டேர். அதில் மட்டுமே வாழும் மஞ்சள் நிறக் குழிவிரியனை 1921-ல் பிரேசில் ஆய்வாளர் அமரால் அறிவியல் பெயரிட்டு விவரித்தார். தரையில் எலி வகை இரை இல்லாததால், வளர்ந்த பாம்புகள் மரத்தில் வந்து உட்காரும் வலசைப் பறவைகளைப் பிடித்துத் தின்று பிழைக்கின்றன.

ஆழமான கால்வாய் குறுக்கே இருந்தால் கடல் இறங்கினாலும் நிலம் ஒட்டாது. லிட்டில் அந்தமானுக்கும் கார் நிகோபாருக்கும் இடையில் சுமார் 150 கிலோமீட்டர் அகலத்தில் கிடக்கும் பத்து டிகிரிக் கால்வாய் அப்படிப்பட்டது. வடக்கே அந்தமானின் பாம்புகள் மியான்மர் பக்கத்து உறவுகளைக் காட்டும். தெற்கே நிகோபாரில் சுமத்ரா, மலாய் பக்கத்துச் சாயல் தெரியும். இரண்டையும் சேர்த்து "அந்தமான் பாம்புகள்" என்று பேசுவது விவரம் தெரிந்தவர்களுக்குக் கொஞ்சம் எரிச்சல் தரும். நிகோபாருக்குள்ளேயே தீவுக்குத் தீவு மாறும். கார் நிகோபாரில் இருக்கும் பச்சைக் குழிவிரியன் தனி இனம் என்று 2020-ல் பிரித்து டிரிமெரிசூரஸ் டேவிடி என்று பெயரிட்டார்கள்.

தனிமைக்குக் கடல்நீர்தான் வேண்டும் என்றில்லை. ஏலகிரி, ஜவ்வாது, சேர்வராயன், கொல்லிமலை எல்லாமே காய்ந்த சமவெளிக்கு நடுவே ஆயிரம் மீட்டரைத் தாண்டி எழும் தனி மேடுகள். ஈரமண்ணுக்குள் துளைத்து வாழும் கேடயவால் பாம்புக்கு வாணியம்பாடிச் சமவெளியின் வெயில் கடலுக்குச் சமம். அதைக் கடந்து அடுத்த மலைக்குப் போக முடியாது. நாமக்கல் பக்கத்துப் போதமலையிலிருந்து ரைனோஃபிஸ் கோவேரி என்ற கேடயவால் பாம்பு 2013-ல் விவரிக்கப்பட்டது. அதனால் தீவுப் பாம்பைப் படிக்கும் முறை அப்படியே நம் மலைகளுக்கும் பொருந்தும். செலவு மட்டும் குறைவு.

அனுமதியும் சாமானும்

நிகோபாருக்கு யார் வேண்டுமானாலும் டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட முடியாது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின்படி பழங்குடிப் பகுதிக்குள் நுழையத் தனி அனுமதி தேவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் கீழ் பாம்பைப் பிடிக்க, மாதிரி எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். ஜவ்வாது மலைக்கும் இது உண்டு. அனுமதிக் கடிதத்தில் எந்த இனம், எத்தனை மாதிரி, எந்தச் சரகம் என்று எழுதியிருக்கும். பெயரே இல்லாத பாம்புக்கு எப்படி இனப்பெயர் போட்டு விண்ணப்பிப்பது? இதில்தான் புதியவர்கள் முட்டி நிற்பார்கள். பேரினம் அல்லது குடும்பம் அளவில் கேட்டு, எண்ணிக்கைக்கு வரம்பு போட்டு விண்ணப்பிப்பதே வழி.

பயண நேரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் ஏறத்தாழ 3 நாள். அங்கிருந்து கிரேட் நிகோபாரின் கேம்ப்பெல் பேக்கு இன்னொரு கப்பல். எத்தனால் எரியும் பொருள், ஃபார்மலின் நச்சு. இரண்டையும் விமானத்தில் பையில் போட்டு எடுத்துப் போக விடமாட்டார்கள். அவை முன்கூட்டியே கப்பல் சரக்கில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். சேராவிட்டால் பாம்பு கையில் இருக்கும், பதப்படுத்த எதுவும் இருக்காது.

தேடல் பெரும்பாலும் இரவில்தான். ஹெட்லைட், முழங்கால் வரை பூட்ஸ், கொக்கி, பல அளவுகளில் தெளிவான பிளாஸ்டிக் குழாய்கள். விஷப் பாம்பின் தலையைக் கையால் பிடிப்பது வீரம் காட்டுவோர் வேலை. பாம்பைத் தன் உடம்பைவிடச் சற்றே அகலமான குழாய்க்குள் நுழையவிட்டு, மூன்றில் ஒரு பங்கு உள்ளே போனதும் குழாயையும் உடம்பையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். குழாய் அகலமாக இருந்தால் பாம்பு உள்ளேயே திரும்பி வந்து கடிக்கும். பல அளவுகள் எடுத்துப் போவது அதற்காகத்தான்.

உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்தாக வேண்டும்: தலையின் இரு பக்கம், மேல், கீழ், நடு உடம்பு, வயிறு, வாலின் அடி. எத்தனாலில் போட்டால் பச்சை நீலமாகும், மஞ்சளும் சிவப்பும் வெளுத்துப்போகும். நூறு ஆண்டுப் பழைய சாடியில் கிடக்கும் நீலப் பாம்பு காட்டில் பச்சையாக இருந்திருக்கும். இதை மறந்து "நீல நிறம்" என்று எழுதிக் குழப்பியவர்கள் உண்டு.

மயக்க மருந்து கொடுத்து வலியின்றி உயிர் போக்கிய பிறகு அடுத்த படியின் வரிசையை மாற்றவே கூடாது. முதலில் டிஎன்ஏவுக்காகக் கல்லீரலிலோ தசையிலோ 3 முதல் 5 மில்லிமீட்டர் துண்டு வெட்டி, 95 சதவீத எத்தனால் உள்ள சிறு குப்பியில் போட வேண்டும். திசுவைப் போலப் பத்து மடங்கு எத்தனால் இருக்க வேண்டும். குறைந்தால் திசுவில் இருக்கும் நீரே அதைக் கரைத்து நீர்த்துப்போகச் செய்துவிடும். அதற்குப் பிறகுதான் ஃபார்மலின். அது டிஎன்ஏவைச் சிதைத்துப் பிணைத்துவிடும் என்பதால் வரிசை மாறினால் மரபணு வேலை பெரும்பாலும் போச்சு.

கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் 10 சதவீதக் கரைசல். வயிற்றுப் பக்கம் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு இடத்தில் ஊசி போட்டு ஏற்ற வேண்டும். ஊசியைச் செதிலின் நடுவில் குத்தாமல் ஓரமாகக் குத்துவது நல்லது. அந்தச் செதிலைத்தான் பின்னால் எண்ணப்போகிறோம். வாலுக்குள் ஏற்ற மறந்தால் வால்நுனி அழுகி உதிரும், வாலடிச் செதில் எண்ணிக்கை நிரந்தரமாகக் கிடைக்காது. ஆண் பாம்பானால், இறுகுவதற்கு முன்பே வாலடியில் திரவம் ஏற்றி இனப்பெருக்க உறுப்பை வெளித்தள்ளிக் கட்டிவிட வேண்டும். அதன் முள்ளும் மடிப்பும் இனத்துக்கு இனம் வேறுபடும். சாடியின் வாயளவுக்குச் சுருட்டி வைத்துவிட்டே இறுக விட வேண்டும். நீட்டி வைத்து இறுகிய ஒன்றரை மீட்டர் பாம்பு எந்தச் சாடியிலும் நுழையாது. ஒரு வாரம் கழித்துத் தண்ணீரில் நன்றாகக் கழுவி 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றுவார்கள். எண் எழுதிய டேக் உடம்பிலேயே நூலால் கட்டப்பட்டிருக்க வேண்டும். சாடியின் வெளியே ஒட்டிய லேபிள் ஈரத்தில் எப்போது உரியும் என்று சொல்ல முடியாது.

செதில் எண்ணுதல்

பாம்புக்கு வயதாகும், நிறம் மாறும், உடம்பு பருக்கும். செதில் எண்ணிக்கை மட்டும் முட்டையிலிருந்து வெளிவந்தது முதல் சாகும் வரை பெரும்பாலும் மாறாது. அதனால்தான் இவ்வளவு கருவிகள் வந்த பிறகும் செதிலை எண்ணுகிறார்கள்.

வெள்ளிக்கோல் வரையனையும் கட்டுவிரியனையும் பக்கத்தில் வைத்தால் இது விளங்கும். இரண்டிலும் குறுக்குப் பட்டைகள். கட்டுவிரியனின் முதுகு நடுவில் ஓடும் ஒரு வரிசைச் செதில்கள் மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். வரையனில் எல்லாம் ஒரே மாதிரி. நடு உடம்பில் முதுகுச் செதில் வரிசைகள் வரையனில் 17, கட்டுவிரியனில் 15. வாலைத் திருப்பிப் பார்த்தால் கட்டுவிரியனின் வாலடிச் செதில்கள் முழுசாக, ஒற்றையாக இருக்கும்; வரையனில் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்து ஜோடி ஜோடியாகத் தெரியும். முகத்தில் மூக்குச் செதிலுக்கும் கண் முன் செதிலுக்கும் நடுவே வரையனுக்கு ஒரு சின்னச் செதில் இருக்கிறது. நாகம், கட்டுவிரியன் குடும்பத்தில் அது கிடையாது. பட்டைகளே வேறு: வரையனில் தலைப் பக்கம் அகலமாகத் தொடங்கி வாலுக்குப் போகப் போக மங்கும், கட்டுவிரியனில் தலைப் பக்கம்தான் மங்கல். இதில் பட்டையைத் தவிர மற்றவை கையில் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். உயிருள்ள பாம்பில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

முதுகு வரிசைகளை மூன்று இடத்தில் எண்ணுவார்கள்: தலைக்குப் பின் ஒரு தலை நீளம் தள்ளி, நடு உடம்பில், மலத்துளைக்கு முன் ஒரு தலை நீளத்தில். 17-17-15 என்று எழுதுவது இதைத்தான். வயிற்றுச் செதிலை எங்கே தொடங்கி எண்ணுவது என்பதில் பழைய நூல்களுக்குள் ஒற்றுமை இல்லை. 1951-ல் டௌலிங் என்ற ஆய்வாளர் ஒரு விதி வகுத்தார்: முதுகுச் செதில்களில் வயிற்றை ஒட்டிய வரிசை இரு பக்கமும் தொடும் முதல் செதில்தான் ஒன்றாம் எண். அதற்கு முந்தைய நூலில் "வயிறு 198" என்று இருந்தால் இரண்டு மூன்று கூடக் குறைய இருக்கலாம். அந்த வித்தியாசத்தையே புது இனத்தின் அடையாளமாகக் காட்டினால் மதிப்பாய்வில் உடனே மாட்டும். எண்ணும்போது பத்துச் செதிலுக்கு ஒரு குண்டூசி வைப்பது பழக்கம். 140-ல் போன் அடித்தால் 140-லிருந்தே தொடரலாம்.

பெண்ணுக்கு வயிற்றுச் செதில் கூடுதலாகவும் ஆணுக்கு வால் நீளமாகவும் இருப்பது பல பாம்புகளில் உண்டு. ஒரு தீவில் கிடைத்த பெண்ணை இன்னொரு தீவின் ஆணோடு ஒப்பிட்டுவிட்டு "வேறு" என்று முடிவு கட்டுவது இந்தத் துறையின் பழைய பிழை. ஒரே ஒரு மாதிரி மட்டும் கிடைத்தால் இந்தச் சந்தேகம் தீரவே தீராது.

தீவின் பொய்கள்

ஆஸ்திரேலியாவின் தென்கடல் தீவுகளில் புலிப்பாம்புகள் உண்டு. சாப்பெல் தீவில் கடற்பறவைக் குஞ்சுகளை விழுங்கிப் பெருத்துப்போனவை ராட்சதம். வேறு சில தீவுகளில் குள்ளம். அளவை வைத்துத் தனித்தனிப் பெயர் கொடுத்து வைத்திருந்தார்கள். டிஎன்ஏ பார்த்தபோது எல்லாம் மிகச் சமீபத்தில் பிரிந்த ஒரே இனம் என்று தெரிந்தது. இரையின் அளவு உடம்பின் அளவை மாற்றியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். ராஜநாகம் ஒரே இனம் என்று 1836 முதல் நம்பியிருந்தோம். 2024-ல் அதை நான்காகப் பிரித்தார்கள். அதில் ஒன்று பிலிப்பைன்ஸின் லூசோன் தீவுக்கு உரியது, இன்னொன்று நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தவை மரபணுவில் வெகுதூரம் பிரிந்திருந்தன.

டிஎன்ஏ கணக்கிலும் எச்சரிக்கை வேண்டும். மைட்டோகாண்ட்ரியா மரபணு தாய்வழி மட்டுமே வரும். ஆண்கள் கடந்து வந்து கலந்திருந்தால் அது காட்டாது. அதனால் உட்கரு மரபணுக்களையும் படிக்க வேண்டும். இத்தனை சதவீதம் வித்தியாசம் இருந்தால் தனி இனம் என்று எந்தச் சட்டமும் கிடையாது. பொதுத் தரவுத்தளத்தில் தேடி "90 சதவீதம்தான் பொருந்துகிறது, எனவே புதிது" என்று குதிப்பவர்கள், நெருங்கிய உறவினத்தின் டிஎன்ஏ வரிசையே அங்கே ஏற்றப்படாமல் இருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறார்கள். தப்பாக அடையாளம் காணப்பட்ட பாம்பின் வரிசைகளும் அங்கே கிடக்கின்றன.

மூன்றாவது பொய், சரக்கோடு வந்த பாம்பு. வேலூரில் பூந்தொட்டியை நகர்த்தினால் மண்புழு போல நெளியும் புழுப்பாம்பு முழுக்கப் பெண்ணினம். ஆண் துணையே இல்லாமல் இனம் பெருக்கும் என்பதால், தொட்டி மண்ணில் ஒன்று போனாலே ஒரு தீவு முழுவதும் பரவிவிடும். உலகம் பூராவும் தீவுகளில் அது இருப்பது இப்படித்தான். இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவுக்கு 1980-களில் சரக்கோடு வந்து சேர்ந்தது நம் வெள்ளிக்கோல் வரையனின் நெருங்கிய உறவுதான். அத்தீவின் சொந்தப் பல்லி, அரணை இனங்கள் சரிந்ததற்கு அதன்மேல்தான் பெரும் சந்தேகம். எனவே துறைமுகத்துக்குப் பக்கத்தில் மட்டும் கிடைக்கும் "புதிய" பாம்பை முதலில் வந்தேறியாகவே சந்தேகிக்க வேண்டும்.

சாடிக்குள் காத்திருப்பவை

அருங்காட்சியகத்துக்குப் போகாமல் முடியும் வேலை இதில் இல்லை. சில சமயம் புதுப் பாம்பே அங்கேதான் இருக்கும். பிலிப்பைன்ஸின் சமர், லெய்ட்டே தீவுகளில் 2006-க்கும் 2012-க்கும் இடையே சேகரித்த சில சிறு பாம்புகள் கன்சாஸ் பல்கலைக்கழகச் சேகரிப்பில் வேறு பெயரில் கிடந்தன. மரபணுவும் எலும்பின் சி.டி. ஸ்கேனும் பார்த்த பிறகு, 2020-ல் அவை லெவிடோனியஸ் மைரஸ் என்ற புதுப் பேரினமாகவே வெளிவந்தன. நாகங்களும் அடங்கும் எலாபாய்டியா என்ற பெருங்குடும்பத்திலேயே மிகச் சிறியது, 172 மில்லிமீட்டர்தான். நியூ கினியில் 1969-ல் பிடித்து ஹார்வர்டில் தப்பு லேபிளோடு வைத்திருந்த பாம்பு 2015-ல்தான் டாக்ஸிகோகலாமஸ் எர்ன்ஸ்ட்மேயரி ஆனது.

பெயர் வைப்பதற்குப் பன்னாட்டு விலங்குப் பெயரீட்டு விதிகள் உண்டு. 1999-க்குப் பின் வெளியாகும் எந்தப் பெயருக்கும் மூல மாதிரி (அந்தப் பெயருக்கு அடிப்படையான பாம்பு) எது, எந்தச் சேகரிப்பில் வைக்கப்பட்டது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாகும் இதழானால் ஜூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டின் எண் இல்லாமல் பெயர் செல்லாது. இந்தியாவில் கூடுதலாக ஒன்று: உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் 2002-இன் 39-ஆம் பிரிவின்படி புதிய இனத்தின் மாதிரியை அரசு குறித்த களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும்.

மூல மாதிரி கிடைத்த இடத்தை, அதாவது மூல இடத்தை, எழுதுவதில் நம் வேலூர் மாவட்டமே நல்ல பாடம். 1870-ல் பெட்டோம் விவரித்த பொன்பல்லிக்கு மூல இடம் திருப்பதி மலை, வட ஆர்க்காடு. காஞ்சி வரதராஜர் கோயில் தங்கப் பல்லி அல்ல, பாறையிடுக்கில் வாழும் உயிருள்ள பல்லி. அன்றைக்குத் திருப்பதி வட ஆர்க்காட்டில் இருந்தது. 1911-ல் சித்தூர் மாவட்டம் பிரிந்தது, 1989-ல் திருவண்ணாமலை, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும். "வட ஆர்க்காடு" என்று மட்டும் எழுதிய பழைய லேபிளை வைத்துக்கொண்டு இன்றைக்கு எந்த மலையில் தேடுவது? ஜிபிஎஸ் எண்ணும் கடல் மட்ட உயரமும் இல்லாத விவரணையை நல்ல இதழ்கள் ஏற்காததற்குக் காரணம் இதுதான். அரிய பாம்பென்றால் துல்லிய எண்ணை அச்சில் மறைத்து அருங்காட்சியகப் பதிவேட்டில் மட்டும் வைப்பதும் இப்போது வழக்கம். அலங்காரப் பிராணியாகக் கடத்துபவர்களும் ஆய்வுக் கட்டுரை படிக்கிறார்கள்.

பெயர் பிரிவதால் மருத்துவத்துக்கு என்ன ஆகிறது என்று கேட்பவர்களுக்கு: இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷத்துக்கு எதிராகத் தயாரிக்கப்படுவது. ஜவ்வாது மலையடிவாரத்தில் கடிபட்டு வேலூர் சிஎம்சிக்கோ அரசு மருத்துவமனைக்கோ வருபவருக்கு அது பொருந்தும். நிகோபாரின் குழிவிரியன்கள் அந்த நான்கில் இல்லை. எந்தத் தீவில் எந்த இனம் கடித்தது, அதன் விஷம் ரத்தம் உறைவதைக் கெடுக்குமா, வீக்கத்தோடு நிற்குமா என்பதை இனம் இனமாகத்தான் பதிவு செய்ய முடியும். கடித்த பாம்பைப் பிடித்து மருத்துவமனைக்குத் தூக்கி வரவே கூடாது. முடிந்தால் தூரத்திலிருந்து ஒரு படம். படம் இல்லாவிட்டாலும் மருத்துவர் சுத்தமான கண்ணாடிக் குழாயில் சிறிது ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைந்ததா என்று சாய்த்துப் பார்ப்பார். உறையாமல் ஓடினால் நம் பக்கத்தில் அது கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் கடி என்று எடுத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடங்கலாம். கட்டுவிரியன் கடித்தவருக்கு ரத்தம் சரியாக உறையும், கண் இமை தொங்கும். அதனால் இந்தச் சோதனையை மட்டும் நம்பி யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள்.